தேறிய பெட்டி

பல் டாக்டர் தன் தொழிலில் அதிகம் சொன்ன பொய் ஒன்றுதான்: "பயப்படாதீங்க, வலிக்காது." வாயைப் பிளந்துகொண்டு, நாற்காலியின் கைப்பிடியை நசுக்கிக்கொண்டு கிடக்கிற ஆளிடம் வேறு என்னதான் சொல்வது? உண்மையைச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவார். ஆகவே பொய்யைச் சொல்லி, ஊசியைக் குத்தி, பல்லைப் பிடுங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். அதே பொய்யைத் தன்னிடம் சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது, மனைவி விமானம் ஏறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

மனைவி செல்லோ வாசிப்பவள். செல்லோ என்றால் வயலினுக்கு அண்ணன் முறை; நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டிய பெரிய வாத்தியம். கடல் கடந்த ஊரில் ஒரு பெரிய இசைக்குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. உடனே வா என்றார்கள். ஆனால் ஒரு முழத்துக்கு மேல் நீளமான எந்த வாத்தியமும் 'உடையும் பொருள் பாதுகாப்புக் கழகம்' குத்தித் தரும் முத்திரை இல்லாமல் நாட்டை விட்டுப் போகக்கூடாது. முத்திரை வாங்கக் காத்திருந்தால் இடம் போய்விடும். அவள் முன்னால் போனாள், செல்லோ பின்னால் வரட்டும் என்று ஏற்பாடு. கணவர் கையோடு கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். டாக்டர் மொட்டை மாடியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். வானத்தில் விமானம் போனால் வீட்டுக்குள் வந்துவிடுவார்.

அங்கே அவள் யாரோ கொடுத்த இரவல் செல்லோவை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தாள். "யாரோ செருப்பை மாட்டிக்கிட்டு ஓடற மாதிரி இருக்குங்க" என்றாள் போனில். "முதல் கச்சேரிக்குள்ள என்னோடது வரலன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்னு சொல்லிட்டாங்க." பிறகு தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்: "அது எப்படி இருக்கு?"

"அது நல்லா இருக்கு. நானும் நல்லா இருக்கேன்."

"ஓ... சரிங்க. வெயில் படாம வச்சிருக்கீங்கல்ல?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் செல்லோவுக்குத்தான் முதல் மரியாதை. அதன் உறைமேல் அவர் ஒரு தடவை ஈரத் துண்டைப் போட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க சாப்பாட்டு மேஜையில் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அந்த மகாராணியை அவரே தூக்கிக்கொண்டு கழகத்துக்குப் போக வேண்டும். கிளம்பும்போதே உள்ளங்கை வியர்த்தது. வியர்த்த கையால் பிடித்தால் வழுக்குமே என்று நினைத்ததும் இன்னும் வியர்த்தது.

கழகத்தின் கூடம் பெரியது. சுவர் முழுக்க வாசகங்கள். 'கழகம் இருக்க, கலக்கம் எதற்கு?' என்று ஒன்று. 'உங்கள் பொருள், எங்கள் கவலை' என்று இன்னொன்று. பெஞ்சுகளில் ஜனங்கள் தங்கள் தங்கள் வாத்தியங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் குழந்தையோடு காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. அவ்வப்போது அதற்குப் பின்னாலிருந்து தடால் என்று ஒரு சத்தம் வரும். அதைத் தொடர்ந்து கைதட்டல் கேட்கும்.

"அது என்ன சத்தம்?" என்று பக்கத்திலிருந்த தாடிக்காரரிடம் டாக்டர் மெதுவாகக் கேட்டார். தாடிக்காரர் மடியில் ஒரு கிதார் இருந்தது.

"தெரியலீங்க" என்றார் தாடிக்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது. "உள்ள போனவங்க வேற வழியா வெளிய போயிடறாங்க. கேக்க ஆள் கிடைக்கல."

டாக்டர் செல்லோவை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

முதல் மேஜை ஒலி மேஜை. அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செல்லோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாசிங்க" என்றாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. இது என் மனைவியோடது."

"வாசிக்கத் தெரியாதவர் கையில இருந்தா அது எப்படி வாத்தியமாகும்? அலமாரின்னு எழுதிடட்டுமா?"

"ஐயோ, அலமாரி இல்லம்மா!"

"எனக்கென்ன தெரியும்? மரத்துல இருக்கு, உள்ள காலியா இருக்கு. அலமாரின்னா வேற கட்டடம். அங்க கதவு இல்லாத அலமாரியை ஏத்துக்க மாட்டாங்க. கதவு போட்டுட்டுதான் வரணும்."

செல்லோவில் கதவு போடுவதை நினைத்ததும் டாக்டர் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். வந்த சத்தம் அவருக்கு நன்றாகப் பழகிய சத்தம்தான். மரத்துப்போக ஊசி போட்டும் மரத்துப்போகாத பல்லைத் தொட்டால் நோயாளி போடுவாரே, அதே கத்தல். பெஞ்சில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "இசைன்னு இதைச் சொல்ல முடியாது" என்றாள், நியாயத்தை விட்டுக்கொடுக்காதவளாக. "ஆனா அலமாரி இப்படிக் கத்தாது. போங்க."

இரண்டாவது மேஜை தளர்வு மேஜை. வெள்ளைக் கையுறை போட்ட ஒல்லி மனிதர் செல்லோவை மேஜையில் படுக்கவைத்துத் தடவிக் கொடுத்தார். "பயணத்துல தந்தி இறுக்கமா இருந்தா கருவிக்கு மனசு கஷ்டப்படும்" என்று சொல்லிக்கொண்டே முதல் தந்தியைத் தளர்த்தினார், அடுத்ததையும் தளர்த்தினார்.

டாக்டருக்கு மனைவி படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. "சார், சார்! எல்லாத்தையும் ஒரேயடியா தளர்த்தக்கூடாதாம். உள்ள ஒரு சின்னக் கட்டை நிக்குதாம். தந்தி அழுத்தற வேகத்துலதான் நிக்குதாம். தளர்த்தினா விழுந்துடும்னாங்க."

"யார் சொன்னது?"

"மனைவி."

"அவங்க கழகத்துல வேலை பாக்கறாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப கட்டையும் இல்ல" என்றார் கையுறைக்காரர். நான்காவது தந்தியையும் முழுசாகத் தளர்த்தினார். "பயப்படாதீங்க. அதுக்கு வலிக்காது."

உள்ளே டொக் என்றது. சின்னச் சத்தம்தான். ஆனால் அது எதன் சத்தம் என்று டாக்டருக்குத் தெரியும். கையுறைக்காரர் செல்லோவைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்தார். உள்ளே ஏதோ உருண்டது. அவர் முகம் மாறியது. மேஜைக்கு அடியிலிருந்த மணியை அழுத்தினார். எங்கிருந்தோ ஆறேழு பேர் ஓடிவந்து டாக்டரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"உள்ள என்ன கடத்தறே?" என்றார் வந்தவர்களில் மீசை பெரிதாக இருந்தவர்.

டாக்டர் கையுறைக்காரரைக் காட்டினார். "கட்டை சார். இப்பத்தான் விழுந்தது. இவர்கிட்ட முன்னாடியே சொன்னேன்."

"முன்னாடியே சொன்னாரா?" மீசைக்காரர் கையுறைக்காரரைப் பார்த்தார்.

"சொன்னார் சார். உள்ள ஒண்ணு இருக்குன்னு அவர் வாயாலயே சொன்னார்."

"அப்ப ஒப்புதல் வாக்குமூலம்" என்றார் மீசைக்காரர். "கருவியைப் பிளக்க வேண்டியதுதான். யாருப்பா அங்க, ரம்பம் கொண்டா."

ரம்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் டாக்டரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியும் பேனா விளக்கும் எப்போதும் அங்கேதான் இருக்கும். செல்லோவின் மேல்பலகையில் இருக்கிற நீளத் துளை வழியாகக் கண்ணாடியை விட்டு, விளக்கை அடித்து, "தயவுசெஞ்சு பாருங்க, தயவுசெஞ்சு பாருங்க" என்று கெஞ்சினார். மீசைக்காரர் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு எல்லோரும் முறைவைத்துப் பார்த்தார்கள். ஒருவர் இரண்டு தடவை பார்த்தார்.

"கட்டைதான்" என்று முடிவானது. பிறகு கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் மீசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: "விழற பொருள் ஏற்கெனவே விழுந்துட்டதால, இனிமே விழ வாய்ப்பில்ல. ஆக, முன்னைவிட இப்ப இது பத்திரமான பொருள். எங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போங்க."

டாக்டர் நன்றி சொன்னார். வேறு என்ன செய்வார் பாவம்!

கூடத்தின் மூலைக்குப் போய் மனைவியைப் போனில் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். அவள் திட்டவில்லை. "கட்டை விழுந்தா பரவாயில்லங்க" என்றாள். "இங்க ஒருத்தர் நிறுத்திக் கொடுத்துடுவார். உடம்புல விரிசல் விழுந்திருக்கா?"

"இல்லம்மா. நல்லா பார்த்துட்டேன்."

"விரிசல் விழுந்தா அவ்வளவுதாங்க. அதுக்கப்புறம் அந்தக் குரல் வராது. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. இந்த வேலை போச்சுன்னா நான் திரும்பி வந்து என்னங்க பண்ணுவேன்?" அவள் அழுதுவிட்டாள். அவள் பயந்து அவர் பார்த்ததே கிடையாது. அந்த வீட்டில் பயப்படுகிற வேலையை அவர்தான் முழுசாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"நான் பார்த்துக்கறேன். ஒண்ணும் ஆகாது" என்றார். பொய் சொல்லிப் பழகிய வாய்தான். இந்தத் தடவை அது தடுக்கியது.

கழகத்தின் தச்சர்கள் பின்பக்க முற்றத்தில் செல்லோவுக்குப் பெட்டி செய்து வைத்திருந்தார்கள். தடிமனான பலகை, நான்கு மூலையிலும் இரும்புப் பட்டை, உள்ளே வாத்தியத்தின் வடிவத்துக்கே வெட்டிய பஞ்சு மெத்தை. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. நீளத்தையும் அகலத்தையும் பார்த்ததும் டாக்டருக்கு வேறொரு பெட்டி ஞாபகம் வந்தது. அந்த எண்ணத்தை அவசரமாகத் தள்ளிவிட்டார். செல்லோவை உள்ளே படுக்கவைத்து, மூடியைச் சாத்தி, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே போனார். பெட்டியில் அடைத்த கிதாரோடு தாடிக்காரர் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு மேடை. மேடை என்றால் ஓட்டு வீட்டுக் கூரை உயரம். அதற்குக் கீழே சிமெண்டுத் தரை. தரை முழுக்க மரச் சிராய். எதிரே வரிசையாக நாற்காலிகளில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கழகத் தலைவர், கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு. தாடிக்காரரின் பெட்டியை இரண்டு பேர் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துகொள்வதற்குள் தள்ளிவிட்டார்கள்.

தடால்!

உள்ளே தந்திகள் எல்லாம் சேர்ந்து ஒரு முனகல் முனகி அடங்கின. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். "பெட்டி தேறிடுச்சு!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கிதார்த் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு, தாடிக்காரர் கையில் கொடுத்து, "வாழ்த்துகள்" என்றார்கள். தாடிக்காரர் பேயறைந்தவர்போல அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் எழுந்தார்.

"கழகம் தொடங்கின நாள்லேர்ந்து, எங்க முத்திரையோட போன பெட்டி ஒண்ணுகூட வெளிநாட்டுல உடைஞ்சதா புகார் வந்ததில்ல. இந்தப் பெருமை வேற யாருக்கு உண்டு? சில பேர் குதர்க்கமா கேக்கறாங்க, உள்ள இருக்கிற பொருள் என்னாச்சுன்னு. நான் கேக்கறேன், உள்ள இருக்கிறது யாரோடது? உங்களோடது. பெட்டி யாரோடது? கழகத்தோடது. அவங்கவங்க பொருளை அவங்கவங்கதானே பார்த்துக்கணும்? அப்புறம் இன்னொண்ணு. எங்கயோ கண் காணாத நாட்டுல, நடுக்கடல்ல, அநாதையா உடையறதைவிட, நம்ம மண்ணுல, நம்ம கண்ணு முன்னாடி, முறைப்படி உடையறது எவ்வளவு கௌரவம்!"

கைதட்டல் எழுந்தது. தலைவர் தண்ணீர் குடித்தார். "அடுத்தது" என்றார்.

டாக்டரின் தள்ளுவண்டியை இரண்டு பேர் பிடித்தார்கள். டாக்டர் பெட்டியின்மேல் விழுந்து கட்டிக்கொண்டார். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினார்.

"ஐயா! பெட்டியைத்தானே சோதிக்கணும்? காலிப் பெட்டியைப் போட்டுப் பார்க்கக்கூடாதா?"

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்தில் இருந்தவரும் எட்டிப் பார்த்தார்.

"பெட்டின்னுதான் சார் போட்டிருக்கு" என்றார் புத்தகக்காரர், சன்னமான குரலில். "உள்ள பொருள் இருக்கணும்னு எங்கயும் இல்ல."

"அப்ப இத்தனை நாள் ஏன் பொருளோட போட்டோம்?" என்றார் தலைவர்.

"எல்லாரும் உள்ள வச்சே கொண்டுவந்தாங்க சார். நாமளும் போட்டோம்."

சாக்கு வைத்திருந்த தாடிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் அவரைப் பார்க்கவில்லை. "பொதுமக்கள் இப்படி அஜாக்கிரதையா இருந்தா கழகம் என்ன பண்ணும்?" என்று வருத்தப்பட்டார்.

டாக்டர் செல்லோவை வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காலிப் பெட்டி மேலே போனது, கீழே விழுந்தது, தேறியது. கைதட்டல் அடங்குவதற்குள் நான்கு பேர் ஓடிவந்து மூடியைச் சாத்தி ஆணியடித்து, இரும்புப் பட்டை கட்டி, அரக்கு உருக்கி முத்திரையைக் குத்திவிட்டார்கள்.

"சார், இருங்க, இதை உள்ள வைக்கணும்!" என்று டாக்டர் அலறினார்.

"தேறின பெட்டியைத் திறக்கக்கூடாது" என்றார் புத்தகக்காரர். "திறந்தா அது தேறாத பெட்டி. மறுபடி போடணும். இந்தத் தடவை உள்ள வச்சுதான் போடுவோம். ஏன்னா இப்ப நீங்களே உள்ள வைக்கணும்னு கேக்கறீங்க."

"அப்ப இது?" டாக்டர் கையிலிருந்த செல்லோவைக் காட்டினார்.

"எது?"

"இதோ, இந்த செல்லோ!"

புத்தகக்காரர் தன் காகிதத்தைப் பார்த்தார். "செல்லோ பெட்டியில இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் கிளம்புது" என்றார். "பயப்படாதீங்க, பத்திரமா போய்ச் சேரும்."

வாசலில் காவலாளிகூட அவரை நிறுத்தவில்லை. அனுப்பியாகிவிட்ட பொருளை அவர் எப்படி நிறுத்துவார்?

டாக்டர் தெருவில் நின்றார். கட்டிய மனைவி அங்கே தூங்காமல் காத்திருக்கிறாள். வந்து சேரப்போவது காலிப் பெட்டி. செல்லோவை மறுபடி கழகத்துக்குள் கொண்டுபோவதைவிட அதை நடுத்தெருவில் போட்டுப் பஸ் ஏற்றலாம். அவர் யோசித்து யோசித்துப் பார்த்தார். தலைகீழாக நின்று பார்த்தாலும் வழி ஒன்றுதான். அது ஆகாயத்தில் போகிற வழி. இரண்டு டிக்கெட் வாங்கினார்.

விமான நிலையத்திலும் கழகத்துக்கு ஓர் ஆள் இருந்தார். "முத்திரை எங்க?" என்றார். டாக்டர் பெட்டிக்குக் கொடுத்த ரசீதை நீட்டினார். அந்த ஆள் அதைப் படித்தார், செல்லோவைப் பார்த்தார், மறுபடி படித்தார். "இது ஏற்கெனவே போயாச்சு" என்றார். "போன பொருள் திரும்பப் போகக்கூடாதுன்னு விதி எதுவும் இல்ல. போங்க."

ஜன்னலோர இருக்கையில் செல்லோ. பக்கத்தில் டாக்டர். இருவருக்கும் பெல்ட் போட்டுவிட்டார்கள். விமானம் ஓட ஆரம்பித்ததும் அவர் செல்லோவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பற்களை இறுகக் கடித்தார். தரை விலகியது. ஜென்மத்தில் அவர் இப்படிப் பயந்ததில்லை. கத்தினால் இறக்கிவிடுவார்களோ என்றுகூட நினைத்தார். செல்லோவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கத்தாமல் இருந்தார். நடுக்கடலுக்கு மேல் விமானம் ஒரு குலுக்கு குலுக்கியபோது அவர் வாய்க்குள் படக் என்று ஒரு சத்தம். எத்தனையோ பேர் வாயில் கேட்ட சத்தம்தான். சொந்த வாயில் இப்போதுதான் கேட்டார். கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்திருந்தது.

அங்கே போய் இறங்கியதும் மனைவி ஓடிவந்தாள். செல்லோவின் உறையைப் பிரித்து, முதுகு, விலா, கழுத்து எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். "விரிசல் இல்லங்க" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கே ஒருவர் உள்ளே விழுந்த கட்டையைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தார். அவள் வாசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் கன்னத்தைக் கையால் தாங்கியபடி, "வலிக்கல, வலிக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். வீங்கிய கன்னத்தை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கழகத் தலைவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஒரு கீறல்கூட இல்லையாம். கழகம் பெருமைப்படுகிறதாம். அதை வாசித்தபோது டாக்டர் அந்த ஊர்ப் பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். விளக்கு முகத்தில் அடித்தது. கைப்பிடியைத் தேடிய அவர் கையை மனைவி எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "செல்லோ எங்க?"

"வெளிய, நாற்காலியில வச்சிட்டு வந்தேன்."

"தனியாவா? யாராவது தட்டிவிட்டுட்டா?"

"தட்டிவிட்டா விடட்டும்" என்றாள். "நீங்க வாயைத் திறங்க."

வைத்தியர் ஊசியோடு குனிந்து ஏதோ சொன்னார். அந்த ஊர்ப் பாஷை டாக்டருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் அவர் என்ன சொன்னார் என்பது நன்றாகவே புரிந்தது. பொய் என்றும் தெரிந்தது. டாக்டர் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.